குடும்பத்தில் யாருக்கும் சுகர் இல்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்குத் தலைப்பிரசவம், ஏழாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 158 வந்திருக்கிறது. மூன்றாம் மாதம் நார்மல்தான். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சுகர் கிடையாது. வெறும் வயிற்றில் எடுக்காததால் ஏறியிருக்கும் என்கிறார் அத்தை. ஊசி ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாது என்கிறார்கள். சாயங்காலமானால் காலும் வீங்குகிறது. என்ன செய்வது?
- வாசகி, அயோத்தியாப்பட்டணம்

பதில்: அத்தையிடம் சொல்லுங்கள், இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண்ணைச் சாப்பிடாமல் வா என்று திருப்பி அனுப்பினால் மறுபடி வருவாளா? அதற்காகவே சென்னை டாக்டர் வி. சேஷையா வலியுறுத்திய முறை இது. 2007-லேயே தமிழ்நாடு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கொண்டுவந்துவிட்டது.

மூன்றாம் மாதம் சரியாக இருந்தது இப்போது ஏறியதில் வியப்பில்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாது. மாதம் ஏற ஏற அந்தத் தடை கூடும். 24 வாரத்துக்கு மேல் மறுபடி பார்ப்பது அதனால்தான். குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் வரலாம்.

வலி கிடையாது, அலட்சியம் அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை குழந்தைக்குப் போகும். குழந்தை தானே இன்சுலினை அதிகமாகச் சுரந்து கொழுக்கும். பிரசவம் சிரமமாகும். பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தே ஆக வேண்டும்.

முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள். பட்டினி வேண்டாம். மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரித்து, சோற்றைக் குறைத்து, பயறு, முட்டை, கீரையைக் கூட்டுங்கள். நம் சேலம் பக்கம் உடம்புக்குக் குளிர்ச்சி என்று ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பார்கள். குச்சிக்கிழங்கின் மாவுச்சத்துதான் அது. புரதம் பேருக்குக்கூட இல்லை. இப்போதைக்கு வேண்டாம். மாம்பழம் ஒரு துண்டோடு நிற்கட்டும். வளைகாப்பில் ஆளுக்கொரு கலந்த சாதம் ஊட்ட வருவார்கள், ஒரு வாய் போதும் என்று தயங்காமல் சொல்லுங்கள். சாப்பிட்டபின் கொஞ்சம் நடங்கள்.

அதற்குப் பிறகும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வராவிட்டால் இன்சுலின். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும். ஆயுசுக்கும் என்பது வெறும் வதந்தி.

கால் வீக்கம் மட்டும் என்றால் பயமில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பும் அதிகம். 140/90-ஐத் தொட்டாலோ, முகம் வீங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு சேலம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே.

பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரை இறங்கியதும் பலர் இதை மறந்தே போகிறார்கள். ஆனால் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவீர்கள் அல்லவா, அன்றைக்கே உங்களுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.