முதலில் எண், பிறகு பணம்

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். செல்லம்மாவும் அங்கேதான் குடியிருக்கிறார். மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தார். 60 வயதில் ஓய்வு பெற்றார். அவருடைய வங்கிக் கணக்கில் 8 லட்சம் ரூபாய் வந்து சேர்ந்தது. அது அவருடைய வாழ்நாள் உழைப்பு.

செய்தி எப்படியோ வெளியே பரவிவிட்டது. ஒருநாள் மாலை ஒருவர் வீடு தேடி வந்தார். கழுத்தில் டை. கையில் தோல் பை.

"அம்மா, நான் முதலீட்டு ஆலோசகர். பணத்தை வங்கியில் சும்மா போட்டு வைக்காதீர்கள். பங்குகளில் போடுங்கள். நூறு ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய் கிடைக்கும். கியாரண்டி! என் கட்டணம் 20,000 ரூபாய். அதை ரொக்கமாகக் கொடுங்கள். மற்ற பணத்தை என் கணக்குக்கு அனுப்புங்கள். நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

செல்லம்மாவுக்கு ஆசை வந்தது. மகள் கல்யாணம் இருக்கிறது. வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது. ஆனால் பயமும் வந்தது. "யோசித்துச் சொல்கிறேன் தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

அன்று இரவு வகுப்பில் டீச்சரிடம் கேட்டார். டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார். "இன்று இதுதான் நம் பாடம்" என்றார்.

செபி என்றால் என்ன?

பங்குச் சந்தையைக் கண்காணிக்க ஓர் அமைப்பு இருக்கிறது. அதைச் சுருக்கமாக 'செபி' என்பார்கள். அது 1988-இல் தொடங்கப்பட்டது. 1992-இல் தனிச் சட்டம் வந்தது. செபிக்கு அதிகாரம் கிடைத்தது. அதன் தலைமை அலுவலகம் தாராவிக்குப் பக்கத்தில், பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிறது.

பணத்தை எங்கே போடலாம் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர் முதலீட்டு ஆலோசகர். இவர்களுக்காக 2013-இல் செபி தனி விதிகள் கொண்டுவந்தது. பிறகு அவற்றில் திருத்தங்களும் செய்தது.

ஆலோசகர் செய்ய வேண்டியவை

• செபியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் படிப்பும் வேண்டும், தேர்விலும் தேற வேண்டும். பதிவு பெற்றவருக்கு ஓர் எண் கிடைக்கும். அது ஐ.என்.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும்.

• உங்கள் வயது, வருமானம், கடன், குடும்பப் பொறுப்பு எல்லாம் கேட்க வேண்டும். எவ்வளவு நட்டம் வந்தால் தாங்குவீர்கள் என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பொருத்தமான யோசனைதான் சொல்ல வேண்டும்.

• கட்டணம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும்.

• சொன்ன யோசனைகளை எழுதி, 5 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும்.

ஆலோசகர் செய்யக் கூடாதவை

• இவ்வளவு லாபம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

• கட்டணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது.

• முதலீட்டுப் பணத்தைத் தன் கணக்கில் வாங்கக் கூடாது.

• உங்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, அதே முதலீட்டுக்காகக் கம்பெனியிடம் கமிஷனும் வாங்கக் கூடாது. இரண்டு பக்கமும் கூலி வாங்குகிறவர் யாருக்கு உண்மையாக இருப்பார்?

"ஏஜெண்டுகள் வேறு. அவர்கள் கம்பெனியின் திட்டத்தை விற்றுக் கமிஷன் வாங்குகிறார்கள். அது குற்றம் இல்லை. ஆனால் அவர் சொல்வது விற்பவர் பேச்சு என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்" என்றார் டீச்சர்.

வகுப்பில் அந்தோணி எழுந்தார். "டீச்சர், போன வருடம் நானும் இப்படி ஒருவரிடம் 15,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது இல்லை. இப்போது அவர் போனை எடுப்பதே இல்லை" என்றார்.

"பதிவு பெற்றவர் தவறு செய்தால் செபியின் 'ஸ்கோர்ஸ்' என்ற இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி செபி உத்தரவு போடலாம். பதிவையும் ரத்து செய்யலாம். பதிவு இல்லாமல் ஆலோசகர் தொழில் செய்வது குற்றம். செபி சட்டத்தை மீறினால் 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். 25 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்த ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டுமே! நாளைக்கே போலீஸில் புகார் கொடுங்கள் அண்ணா. பணம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. இன்னொருவர் ஏமாறாமல் தடுக்கலாம்" என்றார் டீச்சர்.

இரண்டு நாள் கழித்து டை கட்டியவர் மறுபடியும் வந்தார். டீச்சரும் அங்கே இருந்தார்.

"தம்பி, உங்கள் செபி எண்ணைக் கொடுங்கள்" என்றார் செல்லம்மா.

அவர் சிரித்துக்கொண்டே ஓர் அட்டையை நீட்டினார். அதில் எண் இருந்தது! செல்லம்மா ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். டீச்சர் அதைக் கைப்பேசியில், செபியின் பட்டியலில் தேடினார். எண் உண்மையானதுதான். ஆனால் அங்கே இருந்த பெயர் வேறு. ஊரும் வேறு. போன் நம்பரும் வேறு.

"இது உங்கள் எண் இல்லையே தம்பி" என்றார் செல்லம்மா.

வந்தவர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வேகமாகப் படி இறங்கினார்.

செல்லம்மா பெருமூச்சு விட்டார். "எண் சரியாக இருந்திருந்தால் பயமே இல்லையா டீச்சர்?" என்று கேட்டார்.

"அப்படியும் இல்லை அக்கா. பங்குச் சந்தையில் லாபமும் வரும், நட்டமும் வரும். நட்டமே வராது என்று செபி சொல்வதில்லை. ஆலோசகர் நேர்மையாக நடக்க வேண்டும், தவறினால் அவரைக் கேள்வி கேட்க வேண்டும். சட்டம் அதற்குத்தான்."

செல்லம்மா பணத்தில் பெரும் பகுதியைத் தபால் நிலையத்தில், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். மீதியை வங்கியில் வைத்தார். இரண்டு இடத்திலும் படிவத்தைப் படித்துப் பார்த்துத் தானே கையெழுத்துப் போட்டார்.

நினைவில் வையுங்கள்

எண்ணைக் கேளுங்கள். எண்ணோடு பெயரையும் முகவரியையும் பட்டியலில் பாருங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். ரசீது வாங்குங்கள். சந்தேகம் வந்தால் செபியின் கட்டணமில்லாத தொலைபேசி 1800 22 7575. இணையம், கைப்பேசி வழியாகப் பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

பேசுவோம்

1. வந்தவர் முதல் நாள் பேசியதில் எவை சட்டத்துக்கு மாறானவை?

2. உண்மையான எண்ணைக் காட்டியும் அவர் எப்படி மாட்டிக்கொண்டார்?

3. உங்கள் தெருவில் இப்படி யாராவது வந்தது உண்டா? அப்போது என்ன நடந்தது?