இன்ஜெக்டர் மாற்றுவது எப்படி?

கார் ஓடப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். இரண்டும் சரியான அளவில் கலக்க வேண்டும். பெட்ரோல் குறைந்தால் வண்டி இழுக்காது. கூடினால் புகை வரும், மைலேஜ் குறையும்.

முன்பு இந்த வேலையைக் கார்புரேட்டர் செய்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி இந்தியாவில் புதிய கார்களில் கார்புரேட்டர் மறையத் தொடங்கியது. அந்த இடத்துக்கு இன்ஜெக்டர் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதன் பிறகு புதிய மோட்டார் சைக்கிள்களிலும் இன்ஜெக்டர் வந்துவிட்டது.

இன்ஜெக்டர் என்றால் என்ன?

இன்ஜெக்டர் விரல் நீளம் உள்ள ஒரு சிறு குழல். அதன் நுனியில் மிக நுண்ணிய துளைகள் உண்டு. உள்ளே ஒரு ஊசி துளைகளை அடைத்து நிற்கும். மின்சாரம் வந்தால் ஊசி மேலே எழும். பெட்ரோல் பனித்துளி போலச் சிதறி வெளியே வரும். மின்சாரம் நின்றால் ஊசி மூடிக்கொள்ளும்.

நான்கு சிலிண்டர் காரில் நான்கு இன்ஜெக்டர்கள் இருக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். இவ்வளவு வேகமாக வேலை செய்யும் பொருளில் கொஞ்சம் அழுக்கு படிந்தாலும் கோளாறு வரும்.

நான்கு இன்ஜெக்டர்களுக்கும் பெட்ரோல் ஒரே பொதுக் குழாயில் இருந்து வருகிறது. இதை மெக்கானிக்குகள் ரெயில் என்பார்கள். கார் டயரில் சுமார் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ரெயிலுக்குள் அழுத்தம் 45 பவுண்டு அளவில் இருக்கும். இன்ஜினை நிறுத்திய பிறகும் இந்த அழுத்தம் உடனே குறையாது. இந்த ஒரு செய்தியை மறந்தவர்களுக்குத்தான் ஆபத்து.

பெங்களூருக்கும் இன்ஜெக்டருக்கும் உள்ள உறவு

பெங்களூரில் மைகோ என்ற பெயரைக் கேட்காதவர்கள் குறைவு. மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் மைகோ. இது 1951-இல் தொடங்கிய நிறுவனம். ஆடுகோடியில் இதன் பெரிய ஆலை இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளும், டீசல் வண்டிக்கான பம்புகளும் இன்ஜெக்டர்களும் அங்கே தயாராயின. லாரியிலும் பஸ்ஸிலும் டிராக்டரிலும் அவை ஓடின.

2008-இல் மைகோவின் பெயர் பாஷ் என்று மாறியது. உற்பத்தி வேலை நகருக்கு வெளியே பிடதிக்குப் போனது. ஆடுகோடி இடம் 2022-இல் தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது. ஆனால் மைகோ லேஅவுட் என்ற பெயர் இன்றும் நகரில் இருக்கிறது.

கோளாறு என்று எப்படித் தெரியும்?

காலையில் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகாது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் குலுங்கும். பிக்கப் இருக்காது. மைலேஜ் குறையும். பெட்ரோல் வாடை வீசும். மீட்டர் பலகையில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும்.

ஆனால் இவை எல்லாம் இன்ஜெக்டரால் மட்டும் வருவதில்லை. பழைய ஸ்பார்க் பிளக், கெட்ட காயில், அடைத்த ஏர் ஃபில்டர், பலம் குறைந்த பெட்ரோல் பம்பு ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். விலை குறைந்ததை முதலில் பார்க்க வேண்டும். நல்ல இன்ஜெக்டரைக் கழற்றி வீசுவது காசுக்குக் கேடு.

மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் கருவியை மாட்டிப் பார்க்கலாம். அது ஒரு எழுத்தும் நான்கு எண்களும் காட்டும். பி 0203 என்று காட்டினால், மூன்றாவது சிலிண்டர் இன்ஜெக்டரின் மின் இணைப்பில் கோளாறு என்று பொருள். பி 0201 என்றால் முதல் சிலிண்டர். எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரிந்தவருக்கு இது எளிது. மெக்கானிக் சொல்வது சரியா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.

மின் இணைப்பு சரியாக இருந்து, அழுக்கு மட்டும் படிந்திருந்தால் மாற்றத் தேவை இல்லை. பட்டறையில் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, சரியாகத் தூவுகிறதா என்று சோதித்துக் கொடுப்பார்கள். அதற்குச் செலவு குறைவு.

கடையில் வாங்கும்போது

பெங்களூரில் கார் உதிரிப் பொருள்களுக்கு ஜே.சி. ரோடு பெயர் பெற்றது. அங்கே போகும் ஓட்டுநர் வெறும் கையோடு போகக் கூடாது. கடையில் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணா, நாலு இன்ஜெக்டர் வேணும்."

"எந்த வண்டிப்பா? எந்த வருஷ மாடல்? பழசு மேல இருக்கிற நம்பர் என்ன?"

"நம்பரா? பார்க்கலையே அண்ணா."

"நம்பர் இல்லாம கொடுத்தா நாளைக்குத் திருப்பி எடுத்துட்டு வருவே. போய் எழுதிட்டு வாப்பா."

கடைக்காரர் சொல்வது சரி. ஒவ்வொரு இன்ஜெக்டரின் உடம்பிலும் ஒரு நம்பர் பதித்திருக்கும். பார்க்க ஒன்று போல இருந்தாலும் தூவும் அளவு வேறாக இருக்கும். ஒரே எண் மாறினாலும் அது வேறு பொருள். நம்பரைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். புதுப் பெட்டியில் உள்ள நம்பருடன் ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட வேண்டும். பெட்டியில் அச்சு மங்கியிருந்தாலும், விலை மிகக் குறைவாக இருந்தாலும் போலியாக இருக்கலாம். பில் கேட்டு வாங்க வேண்டும். கூடவே புது ஓ-ரிங்குகளும் வாங்க வேண்டும். ஓ-ரிங் என்பது இன்ஜெக்டரின் மேலும் கீழும் மாட்டும் ரப்பர் வளையம்.

வேலை செய்யும் இடம்

பெட்ரோல் கடும் குளிரிலும் ஆவியாகும், தீப்பிடிக்கும். பெங்களூரின் குளிர் அதைத் தடுக்காது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். தூரத்தில் எரியும் அடுப்பில் பட்டாலும் தீ திரும்பி வரும்.

பெங்களூரில் பல வீடுகளில் கார் நிற்கும் இடத்துக்குக் கீழேதான் சம்ப் இருக்கும். அதுதான் வீட்டின் குடிநீர்த் தொட்டி. அதன் மூடிக்குப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. சிந்திய பெட்ரோல் தண்ணீரைக் கெடுக்கும். ஆவியும் தொட்டிக்குள் இறங்கும். அடித்தளப் பார்க்கிங்கும் ஆகாது. காற்றோட்டமான திறந்த இடம் வேண்டும்.

பீடி, சிகரெட், ஊதுபத்தி, விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட வேண்டும். பவுடர் வகைத் தீயணைப்புக் கருவி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வாளி நிறைய மணலும் வைக்கலாம். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ தண்ணீரோடு மிதந்து பரவும்.

வேலையின் படிகள்

1. இன்ஜின் நன்றாக ஆறட்டும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும்.

2. அழுத்தத்தை இறக்க வேண்டும். பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எந்தப் பியூஸ் எதற்கு என்று குறித்திருக்கும். பெட்ரோல் பம்பின் பியூஸைப் பிடுங்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். குழாயில் உள்ள பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானே நிற்கும். இன்னும் ஒரு முறை சில நொடி சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

3. சாவியை எடுத்துவிட வேண்டும். பேட்டரியின் கழித்தல் குறி போட்ட கம்பியைக் கழற்ற வேண்டும். இனிமேல் வண்டியின் மின் கம்பிகளில் இருந்து தீப்பொறி வரும் ஆபத்து குறையும்.

4. இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள தூசியைப் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். இந்தத் தூசி இன்ஜினுக்குள் விழக் கூடாது.

5. ஒவ்வொரு கனெக்டரிலும் 1, 2, 3, 4 என்று எழுதிய ஒட்டுத்தாளை ஒட்டி, பிறகு கழற்ற வேண்டும். இடம் மாறி மாட்டினால் இன்ஜின் குலுங்கும்.

6. பெட்ரோல் குழாயின் இணைப்பில் துணியைச் சுற்றி, மெதுவாகக் கழற்ற வேண்டும். மீதி பெட்ரோல் துணியில் இறங்கும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். வாயால் பெட்ரோலை உறிஞ்சவே கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து.

7. ரெயிலின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு பக்கமும் சமமாகத் தூக்க வேண்டும். இன்ஜெக்டர்களும் அதோடு வரும். நெம்பக் கூடாது. இன்ஜினில் தெரியும் நான்கு துளைகளையும் நான்கு சுத்தமான துணிகளால் அடைக்க வேண்டும். துளைக்குள் பழைய ஓ-ரிங் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

8. கிளிப்பை எடுத்து, பழைய இன்ஜெக்டரை உருவ வேண்டும். புதியதில் புது ஓ-ரிங் மாட்டி, ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில் தடவ வேண்டும். பழைய ஓ-ரிங் மறுபடி கூடாது. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வண்டியையே தீக்குக் கொடுக்க நேரலாம்.

9. நான்கு துணிகளையும் எண்ணி எடுக்க வேண்டும். ரெயிலை நேராக அழுத்தி உட்கார வைத்து, போல்ட்டுகளை மாறி மாறி முறுக்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போய்விடும்.

10. பெட்ரோல் குழாயை மாட்டும்போது 'கிளிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். மாட்டிய பின் இழுத்துப் பார்க்க வேண்டும். கனெக்டர்களை எண் பார்த்து மாட்ட வேண்டும். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஈரம் காய்ந்து, வாடை போன பிறகு பியூஸ், கடைசியாகப் பேட்டரி.

ஸ்டார்ட் செய்யும் முன்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்ப வேண்டும். ஸ்டார்ட் செய்யக் கூடாது. பம்பு சில நொடி ஓடி நிற்கும். இப்படி மூன்று முறை செய்தால் ரெயிலில் அழுத்தம் ஏறும். பிறகு இறங்கி வந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவியை எடுத்துவிட்டு, மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

கசிவு இல்லை என்றால் ஸ்டார்ட் செய்யலாம். ஓடும்போதும் ஒரு முறை பார்க்க வேண்டும். பெட்ரோல் நனைந்த துணிகளை வீட்டுக்குள் சேர்த்து வைக்கக் கூடாது.

எந்த வண்டியில் கை வைக்கக் கூடாது?

டீசல் காரில் இந்த வேலையை வீட்டில் செய்யக் கூடாது. இன்றைய டீசல் கார்களில் அழுத்தம் 20,000 பவுண்டுக்கும் மேல் போகும். கண்ணுக்குத் தெரியாத கசிவு தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கும். ஆனால் உள்ளே தசை அழுகும், விரலையோ கையையோ இழக்க நேரும். அப்படி நேர்ந்தால் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். டீசல் உள்ளே பாய்ந்தது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது டீசல் கசிவை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது.

சில பெட்ரோல் கார்களில் இன்ஜெக்டர் நேராகச் சிலிண்டருக்குள் தூவும். அவற்றிலும் அழுத்தம் பல மடங்கு அதிகம். சி.என்.ஜி., எல்.பி.ஜி. வண்டிகளின் எரிவாயு இணைப்பையும் தொடக் கூடாது. இவை பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. வாரண்டி உள்ள வண்டியையும் கழற்றக் கூடாது. வாரண்டி போய்விடும்.

கையால் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் பலர். எப்போது ஸ்பானரைக் கீழே வைக்க வேண்டும் என்று தெரிந்தவரே நல்ல வேலைக்காரர்.

நினைவில் வையுங்கள்

• முதலில் அழுத்தத்தை இறக்கு. பிறகு குழாயைக் கழற்று.
• பழைய நம்பரும் புது நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும்.
• ஓ-ரிங் எப்போதும் புதிது.
• கசிவு பார்த்த பிறகே ஸ்டார்ட்.
• டீசல் இன்ஜெக்டரில் கை வைக்காதே.

விடை சொல்லுங்கள்

1. இன்ஜினை நிறுத்திய உடனே பெட்ரோல் குழாயை ஏன் கழற்றக் கூடாது?
2. சம்ப் மூடிக்குப் பக்கத்தில் வேலை செய்தால் என்ன ஆகும்?
3. ஸ்கேனர் பி 0204 என்று காட்டினால் எந்தச் சிலிண்டர் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும்?
4. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு வண்டியின் பியூஸ் பெட்டி மூடியைப் பாருங்கள். அதில் உள்ள எண்களைப் படித்து எழுதுங்கள்.