‘ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க’ என்றால்: காரமடையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மாதாமாதம் இருபதாம் தேதி நெருங்கும்போது காரமடை, சிறுமுகை, மேட்டுப்பாளையம் பக்கத்துச் சிறுதொழில்காரர்களிடமிருந்து ஆடிட்டர்களுக்கு ஒரே மாதிரியான படங்கள் போகும். கம்ப்யூட்டர் மானிட்டரைச் செல்போனில் சாய்த்துப் பிடித்த படம். குறுக்கே வானவில் கோடுகள், மூலையில் ட்யூப்லைட் வெளிச்சம், நடுவில் படிக்க முடியாத ஜிஎஸ்டி பிழைச் செய்தி. “ஒண்ணுமே தெரியலைங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க” என்று பதில் வரும்.

பட்டா விண்ணப்ப எண், வில்லங்கச் சான்றுக்குக் கட்டிய பணம், கறிவேப்பிலை லோடுக்கு வந்த யுபிஐ தொகை என்று எதற்கும் இப்போது ஸ்கிரீன்ஷாட் கேட்கிறார்கள். எடுப்பது எளிது. எடுத்த படம் எங்கே போனது, ஏன் கறுப்பாக வந்தது, அதில் எதை மறைப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களில் கொஞ்சம் நின்று, வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவோம்.

## ஸ்கிரீன்ஷாட் என்பது என்ன?

திரையில் அந்த நொடி இருப்பதைக் கம்ப்யூட்டரே ஒரு படக் கோப்பாக எழுதித் தருவதுதான் ஸ்கிரீன்ஷாட். இதில் கேமராவுக்கு வேலையில்லை. 1920க்கு 1080 அளவுள்ள திரையில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றின் நிறமும் அப்படியே பதிவாவதால் எழுத்து மங்காது, கை நடுக்கமும் தெரியாது.

பட்டனில் கை வைக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்வோம்: முழுத் திரை வேண்டுமா, ஒரு ஜன்னல் மட்டுமா, ஒரு சிறு பகுதியா? பழகாதவர்கள் முழுத் திரையையும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். பிழைச் செய்தியோடு, பக்கத்தில் திறந்திருக்கும் வங்கிப் பக்கமும் வாட்ஸ்அப் உரையாடலும் சேர்ந்தே போய்விடும்.

## எந்தப் பட்டன்?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் தொடங்குவோம். கீபோர்டின் மேல் வரிசையில், வலது பக்கமாக, ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ என்ற பட்டன் இருக்கும். பல லேப்டாப்களில் பெயரைச் சுருக்கி எழுதியிருப்பார்கள்.

முழுத் திரைக்கு விண்டோஸ் பட்டனையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரை ஒரு கணம் இருண்டு திரும்பினால் படம் விழுந்துவிட்டது என்று பொருள். பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ‘ஸ்கிரீன்ஷாட்ஸ்’ என்ற ஃபோல்டரில் அது இருக்கும்.

ஒரு ஜன்னலுக்கு, அதை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, ஆல்ட்டுடன் பிரிண்ட் ஸ்கிரீன். இது கோப்பாகச் சேமிக்கப்படாமல் கிளிப்போர்டில் நிற்கலாம். பெயின்டிலோ வாட்ஸ்அப் வெப்பிலோ கன்ட்ரோல்-வி அழுத்தி ஒட்டிக்கொள்வோம்.

ஒரு பகுதிக்கு விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துவோம். திரை மங்கி, கர்சர் கூட்டல் குறியாக மாறும். வேண்டிய இடத்தை மவுஸால் இழுத்துக் கட்டம் கட்டினால் போதும். ஒரே ஒரு வழியைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அன்றாட வேலைக்கு இதுவே போதும் என்பது என் கணக்கு.

2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த கருவிகள் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. அவற்றைப் போன்ற சிறிய கீபோர்டுகளில் பிரிண்ட் ஸ்கிரீன் தனிப் பட்டனாக இல்லாமல், வேறொரு பட்டனின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கலாம். அப்போது எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்களுக்குக் கமாண்ட், ஷிஃப்ட்டுடன் 3 அழுத்தினால் முழுத் திரை, 4 அழுத்தினால் பகுதி, 5 அழுத்தினால் எல்லா வசதியும் உள்ள பட்டை. ஆண்ட்ராய்டு போனில் பவரும் வால்யூம் குறைக்கும் பட்டனும் ஒரே நேரத்தில். பல போன்களில் மூன்று விரலைக் கீழ்நோக்கி இழுத்தாலும் விழும். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனும் வால்யூம் கூட்டும் பட்டனும்.

## எடுத்த படம் எங்கே?

“எடுத்தேன், ஆனா காணோம்” என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். படம் பெரும்பாலும் தொலைவதில்லை. நாம் பார்க்காத இடத்தில் இருக்கும்.

விண்டோஸ் 10இல் விண்டோஸ்-ஷிஃப்ட்-எஸ் எடுத்த படம் கிளிப்போர்டில்தான் நிற்கும். மூலையில் தோன்றும் அறிவிப்பைக் கிளிக் செய்து நாமே சேமிக்க வேண்டும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் ஸ்னிப்பிங் டூல் தானாகவே ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் போட்டுவிடும்.

அங்கும் இல்லையென்றால் ஒன்டிரைவைப் பார்ப்போம். பிக்சர்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் தன் பொறுப்பில் எடுத்திருந்தால், படங்கள் ஒன்டிரைவுக்குள் இருக்கும் பிக்சர்ஸுக்குப் போயிருக்கும். நான்கைந்து படங்களை அடுத்தடுத்து எடுத்துவிட்டீர்களா? விண்டோஸ்-வி அழுத்திக் கிளிப்போர்டு வரலாற்றைத் திறக்கலாம். ஆனால் அந்த வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும்.

கிடைத்ததும் பெயரை மாற்றிவிடுவோம். தேதியை முன்னால் வைத்து, ‘2025-11-18 ஜிஎஸ்டி பிழை’ என்பது போல எழுதினால், ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போதும் வரிசையாகக் கிடைக்கும்.

## எந்த மென்பொருள், எவ்வளவு செலவு?

தொடக்கத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. விண்டோஸோடு வரும் ஸ்னிப்பிங் டூலே போதும். புதிய பதிப்பில் திரையை வீடியோவாகவும் பதியலாம், படத்திலுள்ள ஆங்கில எழுத்தைப் பிரித்தெடுக்கலாம். தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்க, படத்தைப் போனில் கூகுள் லென்ஸில் திறந்து பாருங்கள்.

நாளெல்லாம் இதே வேலை என்றால் ஷேர்எக்ஸ் நல்லது. இலவசம், திறந்த மூல மென்பொருள், விண்டோஸில் மட்டும் ஓடும். எடுத்த உடன் பெயரிட்டு, குறியிட்டு, சொன்ன ஃபோல்டரில் போட்டுவிடும். ஆனால் முதன்முதலாகத் திறக்கும்போது அதன் மெனுக்களைக் கண்டு மலைப்பு வரும். கொஞ்சம் எளிமையாக வேண்டுமென்றால் கிரீன்ஷாட். லினக்ஸில் ஃபிளேம்ஷாட் பலருக்கும் பழக்கம்.

ஸ்னேகிட் போன்ற கட்டண மென்பொருள்களும் உண்டு. நேர்த்தியானவைதான், ஆனால் டாலர் கணக்கில் பணம் கட்ட வேண்டும். பயிற்சிக் கையேடு தயாரிப்பதே தொழில் என்பவருக்கு அது கட்டுபடியாகும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் வேறு ஏதாவது வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இவற்றை அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பில் வேண்டாம்.

## நீளமான பக்கத்தை எப்படி எடுப்பது?

வில்லங்கச் சான்று விவரம் போன்ற பக்கங்கள் ஒரு திரைக்குள் அடங்காது. துண்டு துண்டாக எடுத்து ஒட்டத் தேவையில்லை. ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ் அழுத்தினால் முழுப் பக்கத்தையும் எடுக்கும் வசதி வரும். குரோமில் இந்த வசதி உள்ளே ஒளிந்திருப்பதால், கன்ட்ரோல்-பி அழுத்தி பிடிஎஃப் ஆகச் சேமிப்பது சுலபம். போனில், ஆண்ட்ராய்டு 12 முதல் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் கீழே நீட்டிக்கும் பட்டன் தோன்றும். எல்லாச் செயலியிலும் அது வேலை செய்யாது.

## அடுத்தவருக்குப் புரியும்படி

பிழைச் செய்தியை மட்டும் நறுக்கி அனுப்பினால் ஆடிட்டருக்கோ சாஃப்ட்வேர் சர்வீஸ்காரருக்கோ பாதிதான் புரியும். மேலே உள்ள இணைய முகவரி, செய்தி, பிழை எண் மூன்றும் படத்தில் இருக்கட்டும். எந்தப் பட்டனை அழுத்தியதும் வந்தது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். சிக்கலான இடத்தில் ஒரே ஒரு சிவப்புக் கட்டம் போதும். ஐந்தாறு அம்புக்குறி போட்டால் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போய்விடும்.

இதை ஒரு வேலைவாய்ப்பாகவும் பார்க்கலாம். கோவையில் இயங்கும் கோவை.கோ நிறுவனத்தின் டாகுமென்ட்360, நிறுவனங்கள் தங்கள் மென்பொருளுக்கு உதவிக் கையேடு எழுதுவதற்காகவே உருவான தயாரிப்பு. அப்படிப்பட்ட கையேடுகளில் படிக்குப் படி ஸ்கிரீன்ஷாட் இருக்கும். கல்லூரி முடித்துவிட்டுத் தொழில்நுட்ப எழுத்துப் பக்கம் போக நினைப்பவர்கள், மின்கட்டணம் கட்டும் முறையையே பத்துப் படங்களில் விளக்கிப் பழகலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். டாகுமென்ட் என்ற வழியில் அனுப்பினால் எழுத்து அப்படியே போய்ச் சேரும். எழுத்து நிறைந்த பக்கத்துக்குப் பிஎன்ஜி நல்லது. அரசுத் தளம் அளவு அதிகம் என்று மறுத்தால், பெயின்டில் திறந்து ஜேபெக் ஆகச் சேமிப்போம்.

## வழக்கமான சிக்கல்கள்

படம் முழுக்கக் கறுப்பு. இது பல நேரம் கோளாறே அல்ல, பூட்டு. வங்கிச் செயலிகள் தங்கள் திரையைப் படமெடுக்க முடியாதபடி ஆண்ட்ராய்டிடம் சொல்லி வைத்திருக்கும். ஓடிடி படங்களுக்கும் உரிமைப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பூட்டை உடைக்கும் செயலி என்று எதையும் தேடாதீர்கள். பணம் போனதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் வங்கிச் செயலியிலேயே ரசீதை இறக்கும் வசதியைப் பாருங்கள். சாதாரணப் பக்கமே கறுப்பாக வந்தால் பிரவுசர் அமைப்பில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பார்ப்போம். புதிய உபுண்டு லினக்ஸில் பழைய கருவிகள் கறுப்பாகத் தருவதற்குக் காரணம் வேலேண்ட் என்ற புதிய திரை முறை. அங்கே உபுண்டுவோடு வரும் கருவியையே பயன்படுத்துவோம்.

பட்டனை அழுத்தினால் வேறு எதுவோ திறக்கிறது. ஒரே பட்டனுக்கு ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், ஷேர்எக்ஸ், ஸ்னிப்பிங் டூல் எல்லாம் போட்டி போடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் அந்த வசதியை அணைத்துவிடுவோம். விண்டோஸ் 11இல் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டன் ஸ்னிப்பிங் டூலைத் திறக்க வேண்டுமா என்பதை அக்சசிபிலிட்டி அமைப்பில், கீபோர்டு பகுதியில் மாற்றலாம்.

ஒரு மென்பொருளில் மட்டும் ஷேர்எக்ஸ் எடுக்கவில்லை. கணக்கு மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு திறந்திருந்தால், சாதாரண அனுமதியில் ஓடும் ஷேர்எக்ஸுக்கு நாம் அழுத்தும் பட்டன் போய்ச் சேராது. ஷேர்எக்ஸையும் அதே அனுமதியோடு திறந்தால் சரியாகிவிடும்.

மெனு மறைந்துவிடுகிறது. ஸ்னிப்பிங் டூலில் தாமத நேரம் வைக்கலாம். 5 நொடி வைத்துவிட்டு, அதற்குள் மெனுவைத் திறந்து காத்திருப்போம்.

திரையில் கோடு விழுகிறது. ஸ்கிரீன்ஷாட்டையே ஒரு சோதனையாக்கலாம். எடுத்த படத்தை வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்து பாருங்கள். அங்கே கோடு இல்லையென்றால் கோளாறு மானிட்டரிலோ கேபிளிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அங்கேயும் இருந்தால் உள்ளே, கிராஃபிக்ஸ் பக்கம் தேட வேண்டும். படத்தில் வராத கோட்டைச் சர்வீஸ்காரருக்குக் காட்ட மானிட்டரைச் செல்போனில்தான் படமெடுக்க வேண்டும். நீலத் திரையோடு கம்ப்யூட்டர் நின்றுவிட்டாலும் அப்படித்தான்.

## கவனம்

அனுப்பும் முன் படத்தின் நான்கு மூலைகளையும் பார்ப்போம். கணக்கு எண், இருப்புத் தொகை, ஆதார் எண், ஓடிபி எதுவும் இருக்கக் கூடாது. மறைக்கும்போது ஹைலைட்டர் பேனா வேண்டாம். அது கண்ணாடித் தாள் போன்றது, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடலாம். மங்கலாக்குவதையும் நம்ப முடியாது. கெட்டியான கறுப்புக் கட்டம் போட்டு மறைப்போம்.

நறுக்கிவிட்டோம் என்றும் அலட்சியம் வேண்டாம். 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் போன்களின் மார்க்கப் கருவியிலும், விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. நறுக்கி, அதே கோப்பின் மேல் சேமித்த படத்தில், வெட்டிய பகுதியின் தகவல் உள்ளேயே தங்கியிருந்தது. திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அப்டேட் செய்யாத கருவிகளிலும், அதற்கு முன் அனுப்பிய பழைய படங்களிலும் ஆபத்து அப்படியே இருக்கிறது.

கடை நடத்துபவர்கள், வாடிக்கையாளர் காட்டும் யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்துச் சரக்கைக் கொடுக்க வேண்டாம். போலிப் படம் தயாரிப்பது மிக எளிது. நம் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா என்பதே கணக்கு. காரமடையிலிருந்து கோவைக்கு ரயிலேறுபவர்களுக்கும் ஒன்று: ரயில்வே செயலியில் எடுத்த முன்பதிவில்லா மொபைல் டிக்கெட்டைச் செயலியிலேயே காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது.

மோசடிச் செய்தி வந்து பணம் போய்விட்டால் முதல் வேலை 1930க்கு அழைப்பது. பிறகு உரையாடலை அழிக்காமல், எண்ணும் தேதியும் தெரியும்படி வரிசையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரோடு ஏற்றலாம். வழக்கு நீதிமன்றம் வரை போனால் படம் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதனால் படம் எடுத்துவிட்டோமே என்று போனை ரீசெட் செய்யாமல், மூலச் செய்தி இருக்கும் கருவியை அப்படியே வைத்திருங்கள்.