ஃபேக்டர் எட்டைச் சுமந்து வந்த வைரஸ்

பி.டி. பீரியடில் எல்லாரும் ஓடும்போது என் அண்ணன் மட்டும் ஏன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான் என்று நிறைய பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அவனுக்கு ஹீமோபிலியா. கீழே விழாமலேகூட முட்டிக்குள் ரத்தம் கசிந்து வீங்கிவிடும். ரத்தம் உறையத் தேவையான ‘ஃபேக்டர் எட்டு’ என்ற புரதம் அவன் உடம்பில் சரியாக உண்டாவதில்லை. ஊசியில் ஏற்றினாலும் சுமார் அரை நாளில் பாதி தீர்ந்துபோகும்.

அந்த மருந்தை எப்படிச் செய்கிறார்கள்? இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள்தான், பாக்டீரியாவே செய்துவிடும். இதிலோ 2332! கோத்தால் மட்டும் போதாது, சரியாக மடித்து, மேலே சர்க்கரைச் சங்கிலிகளையும் ஒட்ட வேண்டும். அது பாக்டீரியாவுக்கு வராத வேலை. அதனால் ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற பிராணியின் செல்களுக்குள் மனித ஜீனை வைத்து, பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார்கள். 1992-இல் இந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு பிறர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்துதான் எடுத்தார்கள். 1980-களில் அந்த வழியாக எச்.ஐ.வி. தொற்றி ஆயிரக்கணக்கான ஹீமோபிலியாக்காரர்கள் இறந்துபோனார்கள்.

இனிமேல்தான் ஆச்சரியம். செல்லுக்குள் புகுந்து தன் ஜீனை அதன் டி.என்.ஏ.வில் சேர்த்துவிடுவதில் எச்.ஐ.வி. பலே கெட்டிக்காரன். அதிலிருந்து நோய் தரும் ஜீன்களை எடுத்துவிட்டு, ஃபேக்டர் எட்டின் ஜீனை வைத்து அனுப்பினால்? வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் அதைத்தான் செய்து, 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, வெளியில் வைத்தே இந்த வைரஸால் ஜீனை ஏற்றி, அவருக்கே திரும்பச் செலுத்தினார்கள். (அந்த ஜீனில் ஒரு பகுதி பன்றியுடையது! அப்போதுதான் செல் நிறைய சுரக்குமாம்.) வைரஸால் மேற்கொண்டு பெருக முடியாது, சுமையை இறக்கியதோடு அதன் வேலை தீர்ந்தது. பிறகு அவருடைய செல்லே மருந்துத் தொழிற்சாலை.

5 பேருக்குச் செய்தார்கள். ஃபேக்டர் அளவு ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஆனால் புது செல்கள் ஊன்றியபின், ஆய்வு நடந்த காலம் வரை ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை.

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் கீமோ மருந்து கொடுத்துப் பழைய செல்களை அழிக்கணும் என்றதும் அம்மா முகம் மாறிவிட்டது. அண்ணன் கேட்டது வேற: “அவங்களுக்கு என்ன வயசுடா?”

“22-லேருந்து 41 வரைக்கும்.”

அவனுக்கு 15. விரல் விட்டு எண்ணினான். “ஏழு வருஷம்தானே,” என்றான்.

— 9 ‘ஆ’ பிரிவு மாணவன்