சுவிட்சைத் தொடாதே!

ஐதராபாத்தில் லாலாகூடா என்று ஓர் இடம். அங்கே பெரிய ரயில்வே பட்டறை உண்டு. அந்தப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

விடியற்காலை நேரம். அம்மா சமையலறைக்குப் போகிறார். அழுகிய முட்டைக்கோஸ் போல நாற்றம். கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறது. எல்லாம் பழக்கம்தான்!

“அம்மா, சுவிட்சைத் தொடாதே!” மகள் கத்துகிறாள்.

சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே பொறி பறக்கலாம். கேஸ் தீப்பிடிக்க ஒரு பொறி போதும். எரிகிற பல்பு எரியட்டும். ஓடுகிற ஃபேன் ஓடட்டும்.

கேஸுக்கு இயற்கையில் வாசனை இல்லை. 1937இல் அமெரிக்காவில், டெக்சாஸில், கேஸ் கசிந்து ஒரு பள்ளிக்கூடம் வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். கசிந்தது யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அங்கே கேஸில் நாற்றம் சேர்க்கச் சட்டம் வந்தது. நம் சிலிண்டரிலும் நாற்றம் சேர்த்திருக்கிறார்கள்.

மகள் ரெகுலேட்டரை மூடுகிறாள். ஜன்னலைத் திறக்கிறாள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு படரும். அதனால் கதவையும் அகலத் திறக்கிறாள். எல்லோரும் தெருவுக்கு வருகிறார்கள். போனும் தெருவில்தான். எண் 1906. இரவிலும் பேசலாம்.

ஆள் வந்து பார்க்கும்வரை அடுப்பு எரியவில்லை. அன்றைக்குக் காபி பக்கத்து வீட்டில்.