தூண்டில் முள்ளும் துறவிக் கடல்நாயும்

காலில் முள் தைத்தால் நாம் உடனே குனிந்து பிடுங்கி எறிகிறோம். கடல்வாழ் விலங்கின் வாயில் இரும்பு முள் தைத்தால் அது என்ன செய்யும்? பாலூட்டிகளைப் பற்றிய பாடத்தின்போது என் உள்ளத்தில் எழுந்த வினா இது. ஹவாய்த் தீவுகளைப் பற்றிப் படித்தபோது அதற்கு விடை கிடைத்தது.

பசிபிக் பெருங்கடலிலுள்ள அத்தீவுகளில் மட்டுமே வாழ்வது ஹவாய்த் துறவிக் கடல்நாய். ‘கொந்தளிக்கும் நீரில் ஓடும் நாய்’ என்பது அம்மக்கள் அதற்கு இட்ட பெயர். நாமும் கடல்நாய் என்றே அழைக்கிறோம். 1976-இல் அமெரிக்க அரசு இதனை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 1,600. அவற்றுள் 400 அளவிலானவை மக்கள் வாழும் தீவுகளை ஒட்டி வாழ்கின்றன. அங்கே கரையிலிருந்து பாரை மீனுக்கு வீசும் தூண்டிலின் இரையைக் கவ்வும்போது முள் தைத்துவிடுகிறது.

“ஓடிச்சென்று பிடுங்கிவிட்டால் என்ன?” என்றே நானும் முதலில் எண்ணினேன். அது தவறு. அஞ்சிய விலங்கு கடிக்கும். அன்றேல் முள்ளோடு கடலுக்குள் பாய்ந்துவிடும். எனவே, காண்பவர் விலகி நின்று உரிய அலுவலர்க்குத் தொலைபேசியில் தெரிவித்தல் வேண்டும். பின்துடுப்பிலுள்ள அடையாளத் தகட்டின் எண், முள் தைத்த இடம், தொங்கும் நரம்பின் நீளம் ஆகியவற்றைக் கூறினால் போதும். உரோமத்தில் வெளுத்து எழுதும் எண்ணும் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் தோல் உரியும்போது அது மறைந்துவிடும். தகடோ நிலைத்திருக்கும்.

சில முட்கள் தாமே விழுந்துவிடும், அதுவரை கண்காணிப்பர். சிலவற்றைப் பயிற்சி பெற்றோர் கரையிலேயே அகற்றுவர். விழுங்கப்பட்ட முள்ளை ஊடுகதிர்ப் படத்தால் கண்டறிந்து, மயக்க மருந்து கொடுத்து, வாய்வழியாகவோ அறுவையாலோ எடுப்பர். 2014-இல் கோனாவில் இவ்விலங்குகளுக்கெனவே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது.

இவற்றினும் எளிய வழி மீனவர் கையிலேயே உள்ளது. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறட்டால் அழுத்தி மடக்கிவிட்டால், தைத்த முள் எளிதில் கழன்றுவிடும். மீன் பிடிப்பதும் நின்றுவிடாது.

உதவி என்பது கை நீட்டுவது மட்டுமன்று. கண்ணால் கூர்ந்து நோக்கிக் குறித்து வைப்பதும் உதவியே. ஆய்வுக்கூடத்தில் நாம் அன்றாடம் பழகும் அந்தப் பழக்கம், எங்கோ ஓர் உயிரைக் காக்கிறது என்றெண்ணும்போது என் குறிப்பேட்டின் மீதே எனக்கு மதிப்புக் கூடுகிறது.