அளவறிந்த மின்சாரம்

நுழையும்முன்

மின்சாரம் நின்றுபோவதைத் துன்பமாகவே பலரும் கருதுவர். ஆனால், உரிய நேரத்தில் தானே நின்றுவிடும் மின்சாரம் பெரிய இழப்பைத் தவிர்க்கும். கணினியின் வரைகலை அட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வுண்மையை இப்பாடம் விளக்குகிறது.

இருண்ட தலைநகரம்

2012 ஜூலை 30ஆம் நாள் அதிகாலை 2.33 மணிக்கு வடமண்டல மின்தொகுப்பு வீழ்ந்தது. தில்லி இருளில் மூழ்கியது. மின்சாரம் மீண்ட மறுநாளே, பிற்பகல் 1 மணியளவில், வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலத் தொகுப்புகளும் வீழ்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு மின்சாரமின்றித் தவித்தது. தில்லி மெட்ரோ தொடர்வண்டிகள் நின்றன. தமிழ்நாட்டை உள்ளடக்கிய தென்மண்டலத் தொகுப்பு, பிற தொகுப்புகளுடன் நேர்திசை மின்னோட்டத் தடங்களால் மட்டுமே அந்நாளில் இணைந்திருந்தது. ஆதலால் அது வீழவில்லை.

மத்தியப் பிரதேசத்தின் பீனா – குவாலியர் மின்தடம் துண்டானதே இவ்வீழ்ச்சியின் தொடக்கம். சுமை மிகுந்தபோது காப்பு ரிலே இயங்கி அத்தடத்தைத் துண்டித்தது. அச்சுமை பிற தடங்களின்மேல் சாய்ந்தது. அவற்றின் ரிலேக்களும் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின. ஊர்கள் இருண்டன. ஆயினும், தடங்களும் கருவிகளும் எரிந்துபோகாமையால் அன்றன்றே மின்சாரத்தைப் படிப்படியாக மீட்க முடிந்தது.

இத்தகைய காப்பு முறை ஒரு கணினிப் பெட்டிக்குள்ளும் உண்டு.

230 முதல் 1 வரை

'கிராஃபிக்ஸ் கார்டு' என வழங்கும் வரைகலை அட்டை, திரையில் தோன்றும் படங்களைக் கணித்து உருவாக்குகிறது. வீட்டிற்கு வருவதோ 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். அதனை 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருவது 'எஸ்.எம்.பி.எஸ்.' எனப்படும் மின்வழங்கி. அட்டையிலுள்ள சீராக்கிச் சுற்றுகள் அந்த 12 வோல்ட்டை ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைத்து முதன்மைச் சில்லுக்கு ஊட்டுகின்றன. சீராக்கி பழுதுற்று 12 வோல்ட்டும் சில்லை அடையுமாயின், அது நொடிப்பொழுதில் கருகிவிடும்.

அட்டை தான் செருகப்பட்ட பள்ளத்தின் வழியாக 75 வாட் வரை பெறலாம். அதற்கு மேல் தேவைப்படின் தனிக் கம்பிகள் வேண்டும். ஆறுமுனை இணைப்பி 75 வாட்டும், எட்டுமுனை இணைப்பி 150 வாட்டும் தரவல்லவை.

தீங்கு வரும் வழிகள்

தில்லியின் கோடை வெப்பத்தில் குளிரூட்டிகள் ஓயாது இயங்கும். 2024ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரின் மின்தேவை முதன்முறையாக 8,000 மெகாவாட்டைக் கடந்தது. சுமை மிகும்போது சில தெருக்களில் மின்னழுத்தம் தாழும். மின்தடை நீங்கும் கணத்தில் பல கருவிகள் ஒருங்கே இயங்கத் தொடங்குவதால் அழுத்தம் ஏறி இறங்கும். தெருவின் நடுநிலைக் கம்பி அறுந்துவிட்டால், ஒரு வீட்டில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கவும் கூடும். இடிமின்னலும் கம்பி வழியே மின்னெழுச்சியை ஏற்படுத்தும்.

வெளியிலிருந்து வரும் தீங்கு இவ்வாறிருக்க, உள்ளிருந்தே எழும் தீங்கும் உண்டு. நேரு பிளேஸ் கணினிச் சந்தையில் விலையுயர்ந்த அட்டையைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர், மின்வழங்கியில் சிக்கனம் பார்ப்பதுண்டு. அட்டையின் திறன் திரையில் தெரியும். மின்வழங்கியின் தரமோ கண்ணுக்குத் தெரியாது. தரமற்ற மின்வழங்கி, சுமை கூடும்போது 12 வோல்ட்டை நிலையாகத் தராது. 11.4 முதல் 12.6 வோல்ட் வரையிலான மாறுபாடே பொதுவாக ஏற்கத்தக்கது.

காப்பின் நான்கு அடுக்குகள்

முதலாவது, புவித்தொடுப்பு. 'எர்த்' எனப்படும் இது, கசியும் மின்சாரத்தை நிலத்திற்குக் கடத்துகிறது. இஃது இல்லாத வீட்டில் பிற காப்புகளும் முழுப்பயன் தாரா.

இரண்டாவது, மின்னெழுச்சிக் காப்பான். எழுச்சி வரும்போது இதிலுள்ள வேரிஸ்டர் என்னும் உறுப்பு மிகை ஆற்றலைத் தான் ஏற்றுக்கொள்ளும். பலமுறை ஏற்றபின் அது தேய்ந்துவிடும். ஆதலால் காலமறிந்து மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, யூ.பி.எஸ். மின்சாரம் நின்றதும் மின்கலத்தால் கணினியை இயக்கி, முறையாக அணைப்பதற்குச் சில நிமிடங்கள் தருகிறது.

நான்காவது, தரமான மின்வழங்கி. மிகையழுத்தம், மிகைச்சுமை, குறுக்குச்சுற்று ஆகியவற்றுள் ஒன்றை உணர்ந்தால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அட்டைக்கு 200 வாட்டும் ஏனைய உறுப்புகளுக்கு 150 வாட்டும் தேவையெனின், 350 வாட் மின்வழங்கி மட்டுமட்டாகவே இருக்கும். 500 வாட் மின்வழங்கியே தக்கது.

கணினி திடீரென அணைந்தால் சிலர் சினங்கொண்டு விசையை மீண்டும் மீண்டும் அழுத்துவர். அது தவறு. அந்நிறுத்தம் ஓர் எச்சரிக்கை. செருகியைக் கழற்றி, காரணம் கண்டறிந்த பின்னரே மீண்டும் இயக்குதல் வேண்டும். மின்வழங்கியின் உறையை மாணவர் திறத்தலாகாது. செருகியைக் கழற்றிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்குத் தீங்கு தரும் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

2012இல் ரிலேக்கள் செய்ததும், கணினிப் பெட்டிக்குள் மின்வழங்கி செய்வதும் ஒன்றே. அளவு மீறும்போது நின்றுவிடுவது தோல்வியன்று, அதுவே காவல்.

சொல்லும் பொருளும்

மின்தொகுப்பு – பல ஊர்களையும் மின்நிலையங்களையும் இணைக்கும் கம்பி அமைப்பு
மின்னெழுச்சி – மின்னழுத்தம் திடீரென உயர்தல்
சில்லு – நுண்சுற்றுகள் பதித்த சிறு தகடு

மதிப்பீடு

1. 2012இல் தென்மண்டல மின்தொகுப்பு வீழாமைக்குக் காரணம் யாது?
2. 200 வாட் தேவைப்படும் அட்டைக்குப் பள்ளத்துடன் ஆறுமுனை இணைப்பி ஒன்று போதுமா? கணக்கிட்டு எழுதுக.
3. 'நிறுத்தமும் ஒரு காவலே' – இக்கூற்றை நும் சொந்த நடையில் விளக்குக.
4. பிரித்து எழுதுக: மின்னழுத்தம், மின்னெழுச்சி.

செயல்பாடு: மின்தடை நேரும்போது வீட்டில் எந்தெந்தக் கருவிகளின் செருகியைக் கழற்ற வேண்டும் என்பதைப் பெற்றோருடன் கலந்து பேசிப் பட்டியலிடுக.